வளையம் இல்லாத கொடி

காலையில் கடையைத் திறந்து, இஸ்திரிப் பெட்டி சூடேறுவதற்குள் நான் முதல் டீயைக் குடித்து முடிக்கும்போது, தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பூட்ஸ் போட்ட இரண்டு குதிகால்கள் மோதுகிற சத்தம். மாடியில் பட்டாளத்தார் மகனுக்கு சல்யூட் அடிக்கிறார் என்று அர்த்தம். கூடவே மேல்தளத்துச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து, நான் வெளுத்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளின் மேல் வந்து உட்காரும்.

"மாமா, உங்க மரியாதையால என் பொழப்புல மண்ணு விழுது. பூட்ஸைக் கழட்டிட்டு அடிக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறுங்கால்ல அடிச்சா அது சல்யூட் இல்ல மாப்ளே. கொசு அடிக்கிறது," என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆள் கிடையாது. சொல்லிவிட்டு நாம் சிரிக்கிறோமா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுகிறவன். அந்த வழியில் அவர் மாமா ஆனார். மற்றபடி ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. கீழே என் சலவைக் கடை, மேலே அவர்களுடைய இரண்டு அறை, நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைக் கட்டின புண்ணியவான் அதை என் கடைக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கிவிட்டான். அதனால் அவர்கள் வீட்டில் வெங்காயம் வதங்கினால் எனக்குப் பசிக்கும். என் கடையில் சோடாவைக் கரைத்தால் அவர்கள் தும்முவார்கள். மேலே பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது மேலே கேட்கும். கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மகன். அவனும் பட்டாளத்துக்குப் போனான், பெட்டியில் திரும்பி வந்தான். திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி பட்டாளத்தார் காதோடு சொன்னார். ஏன் என்று அவருக்குப் புரிந்தது, தலையை ஆட்டிவிட்டார். அக்காளுக்கு அதையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்து என்ன? மகன் முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டாள். காட்டவில்லை. அவன் துணிமணி, கடிகாரம் எல்லாம் அவனோடு போய்விட்டிருந்தது. பெட்டி மேல் போர்த்தியிருந்த கொடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்காகக் கொடியை எடுக்க வந்தபோது அவள் விடவில்லை. ஒரு மூலையைப் பல்லால் கவ்விக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது. அந்த மூலையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் துணி கிழிந்துபோனது.

பிறகு அதை முறைப்படி மடித்து, கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் வைத்து, பட்டாளத்தார் அலமாரியின் மேல் வைத்தார். அதற்குத்தான் தினமும் அந்த 'டக்'. அக்காள் சல்யூட் அடிக்கமாட்டாள். போகும்போதும் வரும்போதும் கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள்.

பட்டாளத்தாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவரும், பட்டாளத்தில் லாரி ஓட்டின டிரைவரும், அங்கே சமையல் பார்த்த குக்கும் சேர்ந்து, ஊரில் இருக்கிற தேசியக் கொடிகளையெல்லாம் கவனிக்கிற வேலையைத் தாங்களாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று ஒன்று விடாமல் சுற்றுவார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வருவதைப் பார்த்தாலே ஆபீஸ் பியூன் அண்ணாந்து கொடியைப் பார்ப்பான், பரீட்சைக்குப் படிக்காத பையன் மாதிரி.

கொடியை வெயில் தின்பதைவிடக் காற்று அதிகமாகத் தின்னும். கம்பத்துப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. பறக்கிற பக்கத்து ஓரம்தான் நார் நாராகக் கிழியும். அந்த ஓரத்தைக் கத்தரித்து அக்காள் மடித்துத் தைப்பாள். மறுபடி கிழியும், மறுபடி தைப்பாள். நான் வெளுத்துக் கொடுப்பேன். வெட்டி வெட்டிக் கொடி அளவு கெட்டுப்போனாலோ, கறை போகாவிட்டாலோ, ஓட்டை விழுந்தாலோ பட்டாளத்தார் "ரிட்டையர்" என்பார். அந்தக் கொடி மாடியில் இருக்கிற மூட்டைக்குப் போகும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம் இரும்புப் பீப்பாயில் வைத்து, வரிசையாக நின்று, மரியாதையோடு எரிப்பார்கள். சாம்பலை அங்கேயே குழி தோண்டிப் புதைப்பார்கள்.

எரிப்பதற்கு முன்னால் பட்டாளத்தார் கத்தரிக்கோலோடு ஸ்டூலில் உட்காருவார். கயிறு கோப்பதற்காகக் கொடியின் ஓரத்தில் இரண்டு பித்தளை வளையம் இருக்கும். அதை அறுத்து டப்பாவில் போடுவார். வளையம் அடுத்த கொடிக்கு ஆகும். அந்த வேலையை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். ஒவ்வொரு கொடியும் கடைசியாக ஒரு தடவை தன் கை வழியாகத்தான் போக வேண்டும் என்பார்.

கோடையில் ரொட்டிக் கடை அம்மா ஒரு துணிப்பையோடு என் கடைக்கு வந்தாள். அவள் மகள் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் பெட்டியில் வந்தவள்தான். கூரை ஒழுகி, பீரோவுக்குள் ஈரம் இறங்கி, மகளின் கொடியில் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. நான் ஊறவைத்து, அலசி, என்னென்னவோ செய்து பார்த்தேன். துணி நைந்ததுதான் மிச்சம்.

"போகலம்மா. இதுக்கு மேல தேச்சா கையோட வந்துரும்."

"பரவால்ல தம்பி. அப்படியே குடுங்க. நான் பாட்டுக்கு ஒரு மூலையில வச்சுக்கறேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பட்டாளத்தார் அந்த நேரம் பார்த்தா உள்ளே வர வேண்டும்? கொடியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதை வீட்டுல வைக்கக் கூடாதும்மா."

"ஏங்கய்யா?"

"பூஞ்சை புடிச்சிருச்சு. முறைப்படி தீயில சேத்துரணும்."

"என் பொண்ணு மேல போத்துனதுங்கய்யா."

"அதனாலதான் சொல்றேன். கெட்டுப்போன கொடியை வச்சிருக்கிறது அந்தப் பொண்ணுக்குத்தான் அவமானம். துணி மேல பாசம் வைக்காதீங்க. கொடி நம்மளோடது இல்லம்மா. நம்மகிட்ட இருக்கு."

"என்கிட்ட வேற ஒண்ணுமே இல்லீங்கய்யா."

"என்கிட்ட மட்டும் என்ன கொட்டியா கிடக்கு? நாளைக்கு என் பையன் கொடிக்கு இந்த நெலம வந்தாலும் நான் இதைத்தான் செய்வேன்."

எதற்கு இந்த வாய்? யார் கேட்டார்கள் அவரை? ஆனால் அந்த அம்மா அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியை அவரிடமே விட்டுவிட்டு, வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். பெரிய மனுஷன் தன் பிள்ளையை வைத்துச் சொன்ன பிறகு அவள் என்ன பேச முடியும்? அப்போது படிக்கட்டில் அக்காளின் பாதங்கள் தெரிந்தன. இறங்கி வந்துகொண்டிருந்தவள் பாதியில் நின்று, சத்தம் இல்லாமல் திரும்பி மேலே போய்விட்டாள்.

கோடை முடிகிற சமயத்தில் அக்காளின் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். பக்கத்து ஊர்தான் என்றாலும் போய்த் தங்கித்தான் பார்க்க வேண்டும். பட்டாளத்தார் கீழே இறங்கி பஸ்ஸை நிறுத்தப் போன நேரத்தில் அக்காள் என்னிடம் வந்தாள்.

"தம்பி, அந்தக் கொடி மூட்டையை யாரும் தொட வேணாம். நான் வந்து வெயில்ல போட்டுக் கட்டிக்கறேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன், நீயும் சொல்லு."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கேக்கா. நீங்க போய்ட்டு வாங்க."

அவள் போன பிறகு தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்தான். பின்பக்கம் முழுக்க சிமென்ட் போடப் போகிறார்களாம், எரிப்பதானால் இந்த வாரமே எரித்துவிட வேண்டுமாம். பட்டாளத்தார் அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்.

"அக்கா வந்து காயப் போடணும்னு சொல்லுச்சு மாமா. ஒரு போன் போட்டுச் சொல்லிரலாமா?" என்றேன்.

"தீயில போடறதை என்னத்துக்குக் காயப் போடறது? அவ தங்கச்சியைப் பாக்கட்டும்."

போன் போடவும் இல்லை. அவருக்கு போன் என்றாலே ஆகாது. மகன் செய்தி அதில்தான் வந்தது.

மூட்டையை நான்தான் டெலிவரி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். நல்ல வெயில், புழுதிக் காற்று. டிரைவர் ஒற்றைக்காலை நீட்டி உட்கார்ந்து, நைலான் கொடிகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நைலான் எரியாது, உருகி நாறும், அதைப் புதைக்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டி மோந்து பார்ப்பார். குக் அவித்த முட்டையும் டீயும் கொண்டுவந்திருந்தார்.

"முட்டையில உப்பு இருக்கா?" என்றார் டிரைவர்.

"ஆயிரம் பேருக்கு சமைச்சவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

"அந்த ஆயிரம் பேரும் அதைத்தான்யா கேட்டான்."

பட்டாளத்தார் ஸ்டூலில் உட்கார்ந்து வளையம் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த வளையம் டப்பாவில் 'கிணிங்' என்று விழும், கொடியை மடித்துப் பக்கத்தில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். ரொட்டிக் கடை அம்மாவும் வந்திருந்தாள். எங்களுக்கெல்லாம் பன் கொண்டுவந்திருந்தாள். பீப்பாய்க்கு எதிரில் தள்ளி நின்று, அந்த வெறும் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகள் கொடி எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

மூட்டையின் அடியில் கிடந்த கொடி ஒன்றை எடுத்தபோது 'கிணிங்' சத்தம் நின்றது. பட்டாளத்தாரின் விரல்கள் ஓரத்தைத் தடவிக்கொண்டு போயின. மறுபடி முதலிலிருந்து தடவின. கம்பத்தில் ஏறுகிற கொடிக்குத்தான் வளையம். பெட்டி மேல் போர்த்துகிற கொடிக்கு வளையம் கிடையாது. ரொட்டிக் கடை அம்மாவுடைய கொடி என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு மூலையைப் பிரித்தார், ஆள்காட்டி விரலை எதற்குள்ளோ நுழைத்தார். கத்தரிக்கோல் மடியிலிருந்து கீழே விழுந்தது.

"என்ன தலைவரே, தலை சுத்துதா?" என்றார் குக்.

"வெயில். தண்ணி குடு."

தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நிமிர்ந்து ரொட்டிக் கடை அம்மாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்துக் கும்பிடுவது மாதிரி லேசாகத் தலையை அசைத்தாள். அவர் கொடியை மடித்தார். எப்போதும் மடிக்கிறதைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மற்றக் கொடிகளை குக்தான் பீப்பாயில் அடுக்கினார். அதை மட்டும் இவரே எழுந்து போய் வைத்தார். தீ பிடித்ததும் மூன்று பேரும் சல்யூட் அடித்தார்கள். டிரைவரும் குக்கும் கையை இறக்கின பிறகும் இவர் இறக்கவில்லை. டிரைவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் 'டக்' இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கால் வலியாக இருக்கும், கிழவனாகிவிட்டார் என்று நினைத்தேன். சாப்பாடு குக் வீட்டிலிருந்து வந்தது, பாத்திரம் பாதி திறக்காமலே திரும்பிப் போனது.

அக்காள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். படிக்கட்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"மாமா ஒழுங்கா சாப்பிட்டாரா தம்பி?"

"எங்கக்கா? நீங்க இல்லாம சோறு இறங்கல மனுஷனுக்கு. ஒரு அதிசயம் கேளுங்க, என் சட்டையில சுண்ணாம்பே விழல. காலையில சத்தமே இல்ல."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? கொடி எரிச்ச மறுநாள்லேருந்து இல்ல."

"எந்தக் கொடி?"

"மூட்டைதான். சிமென்ட் போடறாங்கன்னு முன்னாடியே..."

பையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினாள். அந்த வயதில் அந்தப் படிக்கட்டில் ஓடக் கூடாது. கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பட்டாளத்தார் வீட்டில் இல்லை, ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல என் புள்ள கொடி இருந்துச்சு தம்பி."

"பையன் கொடி அலமாரி மேல இருக்கேக்கா?"

"அது நம்ம ஊர் ஆஸ்பத்திரிக் கம்பத்துல பறந்த கொடி. நான்தான் மடிச்சு வச்சேன், வளையத்தை உள்ளுக்குத் தள்ளி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கண்ணாடிக்குள்ள மாவு மாதிரி உதிர்ந்து கிடந்துச்சு. அவர் இல்லாத நேரம் தொறந்து பாத்தா பூச்சி. மடிப்பு மடிப்பாத் தின்னுருக்கு. சரி, எப்படியாவது சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன். அப்பதான் அந்த ரொட்டிக் கடைக்காரம்மாகிட்ட அவர் சொன்னதைக் கேட்டேன்."

"அதுக்காக மூட்டையிலயா வைப்பீங்க? வேற இடமா இல்ல?"

"எங்க இருக்கு, சொல்லு? வாராவாரம் இன்ஸ்பெக்ஷன் பண்ற மனுஷன். பீரோ, தலகாணி உறை, அரிசி டின்னு வரைக்கும் கையை விட்டுப் பாப்பாரு. ஊருக்குப் போனா என் பையைக்கூட அவர்தானே அடுக்கறாரு. அந்த மூட்டை ஒண்ணுதான் என் பொறுப்பு, அதைத் தொடமாட்டாரு. கொடியோட கொடியாக் கிடந்தா யாரு பாக்கப்போறா? மழைக்கு முன்னாடி எடுத்துரலாம்னு நெனச்சேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் மேல் இருந்து காலரைத் தீய்த்துவிட்டது. அந்த நாற்றத்தில்தான் கையை எடுத்தேன்.

"வளையம் யாரு அறுத்தா?" என்று கேட்டாள்.

"மாமாதான்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"அப்ப கை தடவியிருக்குமே."

"அந்த ரொட்டிக் கடைம்மாவோடதுன்னு நெனச்சிருப்பாருக்கா. அதுக்கும் வளையம் கிடையாதுல்ல."

"ஆமா. அப்படித்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். "அப்ப ஏன் தம்பி சல்யூட்டை நிறுத்துனாரு?"

சாம்பலாவது வேண்டும் என்றாள். கடையை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பின்பக்கம் முழுக்க சாம்பல் நிறத்தில் வழவழவென்று பூசியிருந்தார்கள். ஓரத்தில் கயிறு கட்டியிருந்தது.

"காலையிலதான் போட்டது, கால் வச்சுராதீங்கம்மா," என்றான் அங்கே காவலுக்கு இருந்தவன்.

"குழி எங்கப்பா இருந்துச்சு?"

"எந்தக் குழி? லாரி வச்சு மண்ணைத் தள்ளிட்டுத்தான் போட்டாங்க. நடுவுல எங்கயோ இருக்கும்."

அக்காள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஓரத்துச் சிமென்டில் கையை வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை, உள்ளங்கை பதிந்துவிட்டது. காவலாளி ஏதோ சொல்ல வந்தான். நான் முறைத்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கே கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சமைத்தாள், போட்டாள், துவைத்தாள். அவரும் கேட்கவில்லை. மூட்டையில் அதை யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாதா? பெட்டிக்குள் இருப்பது வேறு ஏதோ கொடி என்று தெரியாதா? இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் அதற்கு முன்னால் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அக்காள் கண்ணாடியைத் துடைப்பதையும் விட்டுவிட்டாள்.

மழை ஆரம்பித்த சாயங்காலம், வெளுத்த துணியைக் கொடுக்க நான் மேலே போனேன். பட்டாளத்தார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மசித்த உருளைக்கிழங்கும் முட்டையும் தட்டில் இருந்தது. அக்காள் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"கை தடவிச்சா?"

எது, என்ன, என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"தடவிச்சு."

"யாரோடதுன்னு தெரிஞ்சுதா?"

"அந்தம்மாவோடதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அந்தம்மாவோடதை அதுக்கு முன்னாடியே மடிச்சு வச்சுட்டேன்னு அப்புறம் ஞாபகம் வந்துச்சு. மூலையைப் பாத்தேன்."

"மூலையைப் பாத்தீங்க."

"விரலை விட்டுப் பாத்தேன்."

மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

"பாத்துட்டு?"

"எதிர்ல அந்தம்மா நின்னுட்டிருந்துச்சு. பொண்ணு கொடியைக் குடுத்துட்டு வெறும் பையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் சொல்லித்தானே குடுத்துச்சு? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் என்னுதை மட்டும் எடுத்துக்குவேன்? நீயே சொல்லு."

"சட்டைக்குள்ள வச்சு மறைச்சிருக்கலாமே."

"திருடச் சொல்றியா என்னை?"

"ஆமா, திருடத்தான் சொல்றேன்! பெத்த புள்ளைக்காக ஒரு பொழுது திருடுனா கொறஞ்சா போயிருவே நீ?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார். தட்டில் கையை வைத்தபடியே இருந்தார்.

"ஊருக்கெல்லாம் நியாயமா இருந்துட்டே. நல்லது. முகத்தைக் காட்டச் சொன்னேன், காட்டல. நீயும் அவங்களோட சேந்து தலையாட்டுனே. அந்தத் துணி ஒண்ணுதானே எனக்குன்னு விட்டாங்க, அதையும் உன் கையாலயே வச்சியே!"

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், பாவி மனுஷன்.

"எரிச்சுத்தான் இருப்பேன்," என்றார்.

ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் குடியா முழுகிப் போயிருக்கும்? அக்காள் அதன் பிறகு கத்தவில்லை. அழவும் இல்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, ஆஸ்பத்திரிக் கொடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். வெறும் பெட்டியைத் திரும்ப மேலே வைத்துவிட்டு விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் படியிறங்கும்போது பட்டாளத்தார் அந்தக் கொடியின் வளையத்தை விரலால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அக்காள் கொடி தைக்கவில்லை. கிழிந்த கொடிகளை குக்கின் மருமகள் தைத்துக் கொடுத்தாள், தையல் கோணலாக இருந்தது. பட்டாளத்தார் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அக்காள் அவருக்குச் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், குளிருக்குக் கம்பளியை எடுத்து வெளியில் வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் படிக்கட்டில் நின்று என்னிடம் சொல்வாள். "தம்பி, மாமாகிட்ட சோப்பு தீந்துருச்சுன்னு சொல்லிரு" என்பாள். மாமா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

மழை விட்டு வெயில் வந்த ஒருநாள், முன்பின் தெரியாத ஆள் ஒருவன் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தோடு என் கடைக்கு வந்தான். அண்ணனுடைய கொடியாம், பட்டாளத்தில் செத்துப்போனவனாம். பிரித்துக் காட்டினான். பூச்சி சல்லடையாகத் துளைத்திருந்தது. பட்டாளத்தார், டிரைவர், குக் மூன்று பேரும் கடையில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தீயில சேக்கணும்னு சொன்னாங்க. அம்மா ஒரே அழுகை. அதான் நான் எடுத்துட்டு வந்துட்டேன்," என்றான் அவன்.

பட்டாளத்தார் கொடியை வாங்கினார். ஓரத்தைத் தடவினார், கோடியிலிருந்து கோடி வரைக்கும். டிரைவரும் குக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"வீட்டுக்குக் கொண்டு போப்பா," என்றார். "அம்மாகிட்டயே குடு."

"ஓட்டையா இருக்கேங்கய்யா?"

"இருந்துட்டுப் போகுது. வெயில்ல நல்லா உதறிட்டு, பூச்சி உருண்டை நாலு போட்டு வை. போதும்."

"கெட்டுப்போன கொடியை வீட்டுல வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"எவன் சொன்னான்?"

"நீங்க சொன்னதாத்தான் ரொட்டிக் கடையில..."

"அவன் கெடக்கான், முட்டாப்பய. நீ கொண்டு போ."

அந்த ஆள் ஒன்றும் புரியாமல், ஆனால் சந்தோஷமாகப் பொட்டலத்தைச் சுற்றிக்கொண்டு போனான். பட்டாளத்தார் திரும்பினார். படிக்கட்டின் பாதியில், கையில் வாளியோடு, அக்காள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வாளியைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பல நாள் கழித்து அவரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"பூச்சி உருண்டையா?"

அவர் எழுந்து நின்றார்.

"பூச்சி உருண்டை போட்டாப் போதுமா? அவ்வளவுதானா? எவளோ ஒருத்திக்குச் சொல்ல வாய் வருது. இதைச் சொல்றதுக்கு என் புள்ள எரிய வேண்டியிருந்துச்சா உனக்கு?"

"அதனாலதான்..." என்று ஆரம்பித்தார் அவர். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, விறைப்பாக, தண்டனை வாங்குகிற சிப்பாய் மாதிரி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. குக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார். அக்காள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி மேலே ஏறினாள். தண்ணீர் தளும்பிப் படியெல்லாம் நனைந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதும் காலையில் கடையைத் திறந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி நிற்கிறேன். பூட்ஸ் சத்தம் ஜன்னல் பக்கம் போகும், அலமாரி பக்கம் வரும், நிற்கும், திரும்பிப் போகும். 'டக்' வராது. போன வாரம் டாக்டர் தன் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் ஒரு தூசு தும்பு இல்லாமல் சுத்தமாகக் கொடுக்கிறாய் என்று என்னைப் பாராட்டினார். நானும் சரிங்க என்று வாங்கிக்கொண்டேன்.